ரேடியோவில் வந்த அப்பா பெயர்

அந்தமானில், ரங்கத் ஊரில் இருக்கும் மாமா வீட்டு ரேடியோவுக்கு இப்போது வேலை இல்லை. அதில் கேட்டுக்கொண்டிருந்த மீடியம் வேவ் நிலையம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. முள்ளை எங்கே திருப்பினாலும் இரைச்சல்தான். ஆனால் சுனாமி வந்த சமயத்தில், அந்த வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான்.

மாமா மகளின் சடங்குக்காக அம்மாவும் நானும் ரங்கத் வந்திருந்தோம். லீவு கிடைக்காத அப்பா, நாங்கள் குடியிருந்த கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். கடல் ஏறி வந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கப்பலில் தப்பி வந்து போர்ட் பிளேயர் முகாம்களில் சேர்ந்தவர்களின் பெயர்களைத் தினமும் சாயங்காலம் ரேடியோவில் இந்தியில் வாசிப்பார்கள். பெயர், தகப்பன் பெயர், தீவு. கரண்ட் கிடையாது. பேட்டரிக் கட்டைகளைப் பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, அந்த நேரத்துக்கு மட்டும் போடுவோம்.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள். தோட்டத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயில் எடுப்பதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் முதுகில் ஒரு கிள்ளு விழும், நான்தான் சொல்வேன். ஏழு வயதில் அந்த அதிகாரத்தில் எனக்கு ரொம்பக் கர்வம்.

மூன்றாம் நாள் அப்பாவின் பெயர் வந்தது. துள்ளிக் குதித்தேன்.

"சும்மா இரு புள்ள," என்றாள் அம்மா.

தகப்பன் பெயர் வேறு, தீவும் வேறு. யாரோ ஒரு புண்ணியவான் பிழைத்திருக்கிறார். அன்று அம்மா சோற்றைத் தொடவில்லை.

ஆறாம் நாள் ரேடியோவின் குரல் தேய்ந்துகொண்டே போனது. மாமா அதைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அப்பா பெயர் வந்தது. தாத்தா பெயர் வந்தது. கட்சால் என்றும் வந்தது.

"மாப்புளதான் தங்கச்சி, பக்கா! உசுரோட இருக்காரு!"

அம்மா எழுந்து ஓடினாள். பஸ் போகிற ரோட்டில் நின்று, அப்பாவின் பெயரை அடிவயிற்றிலிருந்து நாலைந்து தடவை கூவினாள். எதிர் வீட்டு வங்காளிப் பெண் என்ன ஆயிற்றோ என்று பதறி, "க்யா ஹுவா, பெஹன்?" என்று ஓடிவந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அதே பெயரைச் சொன்னாள். அம்மாடி, அன்றைக்குத்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது! எனக்கும்தான். ஆனாலும் என் வேலையை அம்மா பறித்துக்கொண்டது பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார், யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையில். அம்மா "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் போட்டுக்கொடுத்தேன்.

"அப்பா, அம்மா ஒங்க பேரச் சொல்லிட்டாங்க. அதுவும் நடு ரோட்டுல, கத்தி."

"எப்புடிச் சொன்னா?"

சொல்லிக் காட்டினேன்.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா அவர் மானத்தை வாங்கிவிட்டாள் என்றும், நான் அதைச் சொல்லியே இருக்கக்கூடாது என்றும் நினைத்து, நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.