மண்மூட்டை அடுக்குகிற ஆமி

ஐன்சாட்ஸ் என்ற ஜெர்மன் சொல் பேர்பெச்சுவாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் வேலை செய்யும் ஹம் நகரத்து முதியோர் இல்லத்தில், கீழ்மாடிச் சலவை அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளின் பெயரே ஐன்சாட்ஸ் பிளான்தான். யாருக்கு எந்தக் கிழமை காலை வேலை, யாருக்குப் பின்னேரம் என்று அதில் எழுதியிருக்கும். பதினைந்து வருடமாக அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவள் சமைத்தாள், பூசைக்குப் போனாள், தலை முழுகினாள்.

ஆகவே 2008 சித்திரையில் மகள் பிறின்சி தொலைபேசியில், "அம்மா, எனக்கு ஐன்சாட்ஸ் வந்திருக்கு, நாலு மாசம்" என்றபோது, பேர்பெச்சுவா கேட்டது இதைத்தான்: "நல்லது பிள்ளை. காலமையோ, பின்னேரமோ?"

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பிறின்சி சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வீட்டை வாறன், கதைப்பம்" என்று வைத்துவிட்டாள்.

பிறின்சி ஜெர்மன் ராணுவத்தில் தாதி. மன்னாரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஒருத்தி, பெற்ற பிள்ளையை ஆமிக்கு விட்டாளா என்று ஊர்ச்சனம் வாயில் போட்டு மென்றது. பேர்பெச்சுவாவும் முதலில் மாட்டேன் என்றுதான் நின்றாள். ஆனால் எல்பே ஆறு பெருகிய வருடம் தொலைக்காட்சியில் அவளே பார்த்திருக்கிறாள், முழங்கால் தண்ணீரில் நின்று மண்மூட்டை அடுக்கிய பொடியன்களை. "இது சுடுகிற ஆமி இல்லையப்பா, மண்மூட்டை அடுக்கிற ஆமி" என்று கணவன் ஜேசுரட்ணத்துக்கு எடுத்துச் சொன்னதும் அவள்தான். தாதிப் படிப்பும் தருகிறார்கள், சம்பளமும் தருகிறார்கள், வேறென்ன வேண்டும்?

தன் பழைய பாவத்துக்குப் பயந்து, ஏறக்குறைய ஐம்பது வருடம் பிறத்தியார் சண்டைக்குள் தலைபோடாமல் ஒதுங்கியிருந்த நாடு இது. அதற்காகவே அவள் இந்தக் குளிரையும் பொறுத்துக்கொண்டாள். நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு, பெர்லினில் வாக்கெடுத்து ஆப்கானிஸ்தானுக்கு ஆட்களை அனுப்பினார்கள். கிணறு வெட்டுவார்கள், பள்ளிக்கூடம் கட்டுவார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். வெட்டட்டும், கட்டட்டும் என்று அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். வருடா வருடம் சவப்பெட்டிகள் வரத் தொடங்கிய பிறகும் அமைச்சர்மார் அதைப் போர் என்று சொல்லவில்லை. ஐன்சாட்ஸ், வெறும் பணி, என்றார்கள். பிறின்சிக்கு வந்திருந்ததும் அங்கே போகிற ஐன்சாட்ஸ்தான்.

சொல் மாறினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். 1986இல் அகதி விசாரணையில் ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். "நாட்டில பிரச்சினை" என்றாள். எங்கள் சனம் குண்டு விழுந்தாலும் பிரச்சினை என்றுதானே சொல்லும்! மொழிபெயர்த்தவர் அதை அப்படியே 'புறொப்ளேம்' என்று ஜெர்மனில் சொன்னார், அதிகாரி அப்படியே தட்டச்சு செய்தார். மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. பிரச்சினை எல்லா நாட்டிலும் உண்டாம், விண்ணப்பம் தள்ளுபடியாம். கைக்குழந்தை பிறின்சியோடு அகதி முகாமின் ஒற்றை அறையில் இரண்டு வருடம் வழக்காடினார்கள். அங்கேதான் வழக்கறிஞர் அவளுக்கு ஒரு சொல்லைப் படிப்பித்தார்: கிறீக். போர். அந்த ஒரு சொல்லைத் தவறாமல் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

வெள்ளிக்கிழமை பிறின்சி வந்தாள். தகப்பன் கடைக்குப் போகும்வரை காத்திருந்து, ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். அவளுக்கு ஏதும் நடந்தால் ராணுவத்தார் யாரிடம் நேரில் போய் அறிவிப்பது என்று கேட்கும் படிவம்.

"அப்பாவின்ர நெஞ்சு தாங்காது அம்மா. உங்கட பேரை எழுதட்டோ?"

பேர்பெச்சுவா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். 'மரணம்' என்ற சொல்லில் விரல் நின்றது.

"இது சண்டை எல்லோடி?"

"இல்லையம்மா. ஐன்சாட்ஸ்."

"பூச்சுத்தாத! ஒரு சொல்லாலை ரெண்டு வருசம் அழுந்தினவள் நான். சண்டைக்குப் போறன் எண்டு உன்ர வாயாலை சொல்லு. சொல்லிப்போட்டு என்ர பேரை எழுது."

"நான் காயக்காரரைப் பாக்கப் போறன். சண்டை பிடிக்கப் போகேல்லை."

"அப்ப என்ர பேரும் இல்லை."

பிடிவாதத்தில் தாயும் மகளும் ஒரே அச்சு. பிறின்சி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டபடியே படிவத்தை மடித்தாள். அவள் புறப்பட்ட நாள் ரயில் நிலையத்துக்குத் தகப்பன் மட்டும் போனார். பேர்பெச்சுவா போகவில்லை. அன்று இரவு முழுதும் தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தாள். பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம்கூடப் போடவில்லையே!

ஆடியில் ஒரு புதன்கிழமை, பின்னேர வேலை தொடங்கிய நேரம், சலவை அறையில் கைபேசி அடித்தது. பிறின்சி. இரைச்சலுக்கு நடுவே மூச்சு வாங்குவது கேட்டது.

"என்ன பிள்ளை? சுகமோ?"

"ஓம். எனக்கு ஒண்டுமில்லை. காலமை ரெண்டு பேரைக் கொண்டுவந்தவை, அம்மா. ஒராளைக் காப்பாத்த ஏலாமப் போச்சு. என்ர வயசு. கையை விடாமப் பிடிச்சிருந்தவன்."

பேர்பெச்சுவா கூடையின்மேல் இருந்துவிட்டாள்.

"அம்மா, இது சண்டைதான்."

அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். கேட்டதும், கேட்டிருக்கவே வேண்டாம் என்றிருந்தது. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எழுந்து சுவரிலிருந்த தாளின் முன் போய் நின்றாள்.

"அந்தப் படிவம் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கோ?"

"ஓம்."

"என்ர பேரை எழுது. வீட்டு விலாசம் வேண்டாம், அங்க அப்பாதான் கதவு திறப்பார். திங்கள், செவ்வாய் காலமை இஞ்ச கீழ்மாடியில நிப்பன். புதன், வியாழன் பின்னேரம். வெள்ளியும் சனியும் காலமை. எழுதிறியோ?"

"எழுதிறன், அம்மா." மறுமுனையில் பேனா ஓடியது. "ஞாயிறு?"

"ஞாயிறு காலமை பூசைக்குப் போவன். கோயிலுக்குள்ள வரவேண்டாம் எண்டு சொல்லு. வாசல்ல நிக்கச் சொல்லு. நான் வெளியில வருவன்."