பெட்டியில மாறி விழுந்த பேப்பர்

மக்களே, சாமி எனக்கு செஞ்சத கோயில்ல சாட்சி சொல்லு சாட்சி சொல்லுன்னு சிஸ்டர் நாலு வாரமா கேட்டுட்டே இருந்தாங்க. மைக்ல சொன்னா அழுதுருவேன். அதான் நம்ம பங்குக் கோயில் வாட்ஸ்அப் குரூப்ல டைப் பண்றேன். தப்புத் தப்பா இருந்தா கண்டுக்காதீங்க. அம்புட்டு சந்தோசம்!

போன வருசம் இதே நேரம் நான் செம்ம காண்டுல கெடந்தேன். டிகிரி முடிச்சாச்சு. லா படிக்கணும்னு வெறி. பெங்களூர்ல ஒரு லா காலேஜ்ல வசதி இல்லாத வூட்டுப் புள்ளைங்க கொஞ்சம் பேருக்கு படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் ஃப்ரீ. அதுக்கு ஒரு எக்ஸாம். அதோட உன்னப் பத்தியும் உன் குடும்பம் பட்ட கஷ்டத்தப் பத்தியும் ரெண்டு பக்கம் எழுதுன்னு கேப்பாங்க. பர்சனல் ஸ்டேட்மென்ட்னு பேரு. எக்ஸாம்ல நான் கெத்தா பாஸ். அந்த ரெண்டு பக்கத்துல அவுட்டு. ‘இத யாரு வேணா எழுதியிருக்கலாம்’னு ஒத்த வரியில மெயில் வந்துச்சு. சோறு எறங்கல. சாமி மேலயே கோவம். ரெண்டு மாசம் கோயில் பக்கம் தல வெச்சுப் படுக்கல.

அம்மா கறாரா சொல்லிருச்சு. "இன்னும் ஒரே வருசம்டி. அப்பறமும் கெடைக்கலன்னா ஓசூர் கம்பெனி பஸ்ல ஏறிரு." அம்மா மேல தப்பு இல்லீங்க. அது இண்டூர் பக்கம் சாமந்திக் காட்டுல பூ பறிக்குது. அப்பா அதியமான்கோட்டை கிட்ட ஹைவே ஓட்டல்ல பார்க்கிங் பாக்கறாரு. விசில் அடிச்சு காரை நிறுத்தற வேலை. வலது கையில ரெண்டு வெரல் இல்ல. தீவனம் வெட்ற மெஷின்ல போயிருச்சுன்னு ஊருக்கே தெரியும்.

இந்த வருசமும் எக்ஸாம் பாஸ். வெள்ளிக்கெழமைக்குள்ள ஸ்டேட்மென்ட் அனுப்பணும். என் ஃப்ரெண்டு பிரவீணா ஃபோன்ல, "படிக்கறவன் கதறி அழுவணும்டி"ன்னா. நானும் அள்ளி வுட்டேன் பாருங்க! தமிழ்ல எழுதிட்டு அப்பறம் இங்கிலீசுக்கு மாத்தலாம்னு லாங் சைஸ் பேப்பர்ல ரெண்டு பக்கம். அப்பா அஞ்சு வருசமா படுத்த படுக்கை. மூணு நாளா அடுப்பு எரியல. மண்ணெண்ணெ வெளக்குல படிச்சேன். எங்க வூட்ல ஃபேன் ஓடுது, டிவி ஓடுது, அப்பா தெனமும் டிவிஎஸ் வண்டியில வேலைக்குப் போறாரு. இருந்தாலும் எழுதிட்டேன்.

செவ்வாக்கெழம அந்தோனியார் நவநாள் செபம். நம்ம கோயில் வழக்கம் தெரியாதவங்களுக்காக சொல்றேன். அந்தோனியார் சொரூபத்துக்குக் கீழ ஒரு மரப்பெட்டி இருக்கும். யாரு வேணா மன்றாட்டு எழுதி, பேரு போடாம, மடிச்சுப் போடலாம். நவநாள்ல சிஸ்டர் ஒவ்வொண்ணா எடுத்து மைக்ல படிப்பாங்க. நாம எல்லாரும் சேந்து செபிப்போம். நானும் ஒரு பேப்பர் போட்டேன். ‘அந்தோனியாரே, என் ஸ்டேட்மென்ட்ட எப்பிடியாச்சும் பாஸ் பண்ணி வுடுங்க.’ இதான் மன்றாட்டு. போட்டுட்டு ஜாலியா வந்து ஒக்காந்துட்டேன்.

நாலாவது பேப்பர பிரிச்சாங்க சிஸ்டர். "என் அப்பா அஞ்சு வருசமா படுத்த படுக்கையா கெடக்கறார்..."

அது என் ஸ்டேட்மென்ட் மக்களே! ரெண்டு பேப்பரையும் ஒரே மாதிரி மடிச்சு ஒரே பையில வெச்சிருந்தேன். மாத்திப் போட்டுட்டேன்!

சிஸ்டருக்கு குரல் தழுதழுக்குது. பின்னாடி ரெண்டு அக்கா மூக்க உறிஞ்சறாங்க. எங்கம்மா இருக்கே, முந்தானையில கண்ண தொடச்சுட்டு எங்காதுல சொல்லுது, "ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ!" கடைசி வரியில, ‘நான் வக்கீலாகி என் குடும்பத்த காப்பாத்துவேன்’னு சிஸ்டர் படிச்சாங்க. அம்மா டக்குனு திரும்பி என்னப் பாத்துச்சு. தொடையில ஒரு கிள்ளு கிள்ளுச்சு பாருங்க, ஒரு வாரம் கன்னிப்போய் கெடந்துச்சு. ஆம்பளைங்க பக்கம் பாத்தேன். அப்பா தல குனிஞ்சு ஒக்காந்திருந்தாரு. சிஸ்டர் வேற, "அந்தக் குடும்பம் யாருன்னு தனியா வந்து சொல்லுங்க, அரிசி சேத்துக் குடுக்கலாம்"னாங்க.

கோயில் முடிஞ்சு அம்மா கோவத்துல முன்னாடி வேகமா போயிருச்சு. அப்பா வண்டிய ஓட்டல, தள்ளிட்டே வந்தாரு. நான் பக்கத்துல நடந்தேன்.

"மூணு நாளா பட்டினியா பாப்பா? மத்தியானம் கருவாட்டுக் கொழம்ப மூணு வாட்டி ஊத்தித் தின்னியே?"

சிரிக்கறாரா திட்டறாரான்னு தெரியல. நான் வெடிச்சுட்டேன். "பின்ன என்னத்தப்பா எழுதறது? நீ விசில் அடிக்கற, அம்மா பூ பறிக்குது. நம்மகிட்ட கஷ்டம் இருக்கு, கதை இல்லப்பா!"

சொன்ன ஒடனே நாக்க கடிச்சுக்கிட்டேன். அப்பா வண்டிக்கு ஸ்டேண்டு போட்டாரு.

"தீவன மெஷின் இல்ல பாப்பா."

ஓசூர் பக்கம் ஒரு பட்டறையில தகடு அழுத்தற பிரஸ் மெஷின்ல போன வெரலாம் அது. நான் அப்ப நாலாவது. ஆஸ்பத்திரியில கட்டு போட்டுட்டு இருக்கறப்ப கான்ட்ராக்டர் ஒரு பேப்பர் கொண்டாந்திருக்கான். ‘கையிலதான் கட்டு இருக்கே, எடது கைநாட்டு போதும்’னு மைய தடவி வாங்கிக்கிட்டுப் போயிட்டான். தப்பு பூரா என்னுதுதான்னு அப்பாவே சொல்ற மாதிரி எழுதியிருந்துச்சாம். அத வெச்சு ஒரு பைசா குடுக்காம வெரட்டி வுட்டுட்டாங்க.

"நான் பத்தாவது பாஸு பாப்பா. பேப்பர் படிக்கத் தெரியும். ஒரு வாட்டி கூட படிச்சுப் பாக்காம கைநாட்டு வெச்சேன். வெரல் போனதுக்கு அழுவல. அதுக்குத்தான் வெக்கம். ஊர்ல சொன்னா சிரிப்பாங்கன்னு மாட்டு மெஷின் மேல போட்டுட்டேன்."

ரோட்டுலயே நின்னு அழுதேன். "இத எழுதட்டுமாப்பா?"

"எழுது. ஆனா ஒரு வார்த்த கூட சேக்காத."

மறுநாள் காலையில ஒரே மூச்சுல எழுதினேன். ஒரு கண்ணீர் கெடையாது, ஒரு பட்டினி கெடையாது. வியாழக்கெழம சிஸ்டர்கிட்ட போய் உண்மைய ஒத்துக்கிட்டேன். திட்டுவாங்கன்னு பாத்தா, முக்காடு நழுவற அளவுக்கு சிரிச்சாங்க. சேந்த அரிசி நெசமாவே தேவப்பட்ட வூட்டுக்குப் போச்சு. வெள்ளிக்கெழம மத்தியானம் ஸ்டேட்மென்ட் அனுப்பிட்டேன்.

இன்டர்வியூ வீடியோ கால்ல. ஒரு மேடம் கேட்டாங்க, "அப்பா கைநாட்டு வெச்ச அந்தப் பேப்பர் இப்ப உங்ககிட்ட இருக்கா?"

"இல்லீங்க மேடம். அதத் தேடத்தான் லா படிக்க வர்றேன்."

வாய்க்கொழுப்புதான். ஆனா சிரிச்சாங்க. பத்தாவது நாள் மெயில்! சீட்டு கெடைச்சிருச்சு மக்களே, ஃபுல் ஃப்ரீ! நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வூட்டு ஆடு கயித்த அறுத்துட்டு ஓடிருச்சு.

அட்மிஷன் அன்னிக்கு அப்பாவும் வந்தாரு. கார்டியன் கையெழுத்து போடணும். கவுன்டர்ல இருந்தவரு அப்பா கையப் பாத்தாரு. பாவம், நல்ல மனுசன்தான். மை டப்பாவ நகத்தி, "ஹெப்பெட்டு சாகு"ன்னாரு. கைநாட்டு போதும்னு கன்னடத்துல சொல்றாரு. அப்பா ஓசூர்ல கத்துக்கிட்ட கன்னடத்துல மெதுவா சொன்னாரு, "பேடா சார். பென்னு கொடி." வேணாம், பேனா குடுங்க.

ஃபாரம் நாலு பக்கம். முழுசா படிச்சாரு. பின்னாடி வரிசையில ‘சீக்கிரம், சீக்கிரம்’னு சத்தம். அப்பா நிமிந்து கூட பாக்கல. புரியாத எடத்துல வெரல வெச்சு எங்கிட்ட கேட்டாரு. அப்பறம் கட்ட வெரலுக்கும் மோதிர வெரலுக்கும் நடுவுல பேனாவப் புடிச்சு, கோணல் மாணலா, முழுப் பேரையும் போட்டாரு.

நான் நெசமா போட நெனச்ச மன்றாட்டு இன்னும் என் பையிலதான் இருக்கு. பெட்டிக்குள்ள போகவே இல்ல. ஆனா பதில் வந்துருச்சு! எனக்கு சீட்டு கெடைச்சுது, எங்கப்பாவுக்கு கையெழுத்து திரும்பக் கெடைச்சுது. இயேசப்பாவுக்கு கோடி நன்றி, அந்தோனியாருக்கும் நன்றி. இப்பல்லாம் நான் செபத்துல கூட பில்டப் குடுக்கறதில்ல. நடந்தத நடந்தபடி சொல்றேன்.

நீங்களும் வாங்க. மனசுல எத மறைச்சு வெச்சிருந்தாலும் அவருகிட்ட கொண்டாங்க. வர்ற செவ்வாக்கெழம ஒரு பேப்பர்ல எழுதி மடிச்சுப் போடுங்க. போடறதுக்கு முன்னாடி சரியான பேப்பர்தானான்னு ஒரு வாட்டி பிரிச்சுப் பாத்துக்கோங்க.

இல்ல, வேணாம். பாக்காமயே போடுங்க.