சரிகைக்கு நடுவே என் நோட்டீஸ்

எங்கள் தலைமையாசிரியைக்கு நோட்டீஸ் அடிப்பதென்றால் அப்படி ஒரு ஆசை. காலராவா, நோட்டீஸ். கோயில் குளத்துப் படியில் பாசியா, பெற்றோருக்கு ஒரு நோட்டீஸ். சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றிச் சுற்றி என் வலது கை வீங்கியதுதான் மிச்சம். வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வரும் புது டீச்சர் நான். வேலையை யார் தலையில் கட்டுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த வருஷம் வந்தது கண் பரிசோதனை நோட்டீஸ். மெட்ராஸ் டாக்டர் சனிக்கிழமை காலை மட்டும் பள்ளிக்கு வருகிறார், கண்ணாடி இலவசம், வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். ஸ்டென்சிலில் அதை எழுதும்போதுதான் நாலாம் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பெண் நினைவுக்கு வந்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். காப்பியடிக்கிறாள் என்று ஸ்கேலால் இரண்டு போட்டிருக்கிறேன். தாயில்லாத பெண். பட்டு நெய்யும் அவள் அப்பாவோ, "அதுக்குப் படிப்பு ஏறலமா, இந்த வருசத்தோட நிறுத்திடறேன்" என்று சொல்லியிருந்தார்.

எல்லா வீட்டிலிருந்தும் நோட்டீஸின் அடியில் கிழித்த கையெழுத்துத் துண்டு மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண்ணிடம், "நாளைக்கு அப்பாவோட வந்துடு" என்றேன்.

"எங்க வரணும் டீச்சர்?" என்றாள்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா நெய்த சேலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சரிகை உரசாமலிருக்கச் சுருளுக்கு நடுவே காகிதம் வைப்பார்கள். எழுத்து உள்ளே போகும்படி மடித்து அவர் வைத்திருந்தது என் நோட்டீஸ். காலராவும் குளமும் முன்பே உள்ளே போயிருந்தன.

"காயிதம் நல்லா மொத்தமா இருந்துதுமா. கையெழுத்த மட்டும் கிழிச்சிக் கேக்கறாங்களே, மீதி தறிக்குன்னு குடுத்தனுப்பறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அவருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்துத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நாளைக்குத் தெருவுல பாவு போடறோமே. வுட்டுட்டு எப்பிடிமா வர்றது?"

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். தெரு நீளத்துக்குப் பாவுக்கான பட்டு இழைகளை நீட்டி, கஞ்சி தெளித்து, ஆளுக்கொரு இடமாக நின்று அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்கள். காய்கிறவரை ஒருவரும் நகர முடியாது. இவ்வளவு அடக்கமான வகுப்பு எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. நோட்டீஸை உரக்கப் படித்தேன்.

"இத்த மொதல்லயே வந்து சொல்றதுக்கு இன்னாமா?" என்று ஒரு அம்மாள் என்னையே திட்டினார். நியாயம்தான். வீட்டு வேலையிலிருந்த பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் பாவின் முனைக் கம்பை இழுத்துப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடுங்க, நான் பிடிக்கறேன்."

"உங்களால ஆவாதுமா."

"சைக்ளோஸ்டைல் சுத்தின கை இது. போங்க."

போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நான் கொஞ்சம் தளர விட்டாலும் தெருவே அதட்டியது.

அதற்குப் பிறகு எந்த நோட்டீஸ் வந்தாலும் பாவு போடும் இடத்துக்குப் போய்ப் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். சேலைக்கும் காகிதம் குறையவில்லை.

கண்ணாடி வந்த அன்று அந்தப் பெண் கடைசி பெஞ்சில் எழுந்து நின்று கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"டீச்சர், உங்க மூக்குல மச்சம் இருக்குது!"

வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஜூன் மாதத்திலிருந்து தினமும் நான் அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.