அரிசி கழுவிய தண்ணீர் நிறம்

என் தங்கையின் கணவரைக் குடிகாரர் என்று சொல்லி, அவர் தூக்க வேண்டிய காவடியை நிறுத்தியவன் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அதற்குமுன் நான் கையில் பிடித்துப் பார்த்த கண்ணாடிக் குழாய் இன்றும் கண்முன் நிற்கிறது. ரத்தத்தைச் சுழலவிட்டுப் பிரித்தால் மேலே நிற்கும் நீரைச் சீரம் என்போம். நல்ல உடம்பில் அது இளமஞ்சளாக, மறுபக்கம் தெரியும்படி இருக்கும். மாப்பிள்ளையின் சீரம் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். தங்கைக்கு நான் ஓர் ஆசிரியரைப் பார்த்து வைத்திருக்க, அவள் போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்ட் வேலை செய்த இவரைக் கட்டிக்கொண்டாள். நான் அவரை மதிக்கவில்லை. அவரும் அதை மறக்கவில்லை. கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்து, "மச்சான் பெரிய படிப்பு லா. ஊர் மூத்திரத்த மோந்து பாத்தே பெட்டாலிங் ஜெயாவுல வீடு வாங்கிட்டாரு" என்பார். பந்தியே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பற்களைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

அந்த ஆண்டு மகனுக்கு உடம்பு தேறியதற்காகத் தைப்பூசக் காவடி நேர்ந்துகொண்டார். ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, மற்ற நேரம் தண்ணீர்தான். விரதத்தின் நடுவில் இடது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே அலறினார். தங்கை கெஞ்சியதால்தான் ரத்தம் கொடுக்க என்னிடம் வந்தார். யூரிக் அமிலம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. கௌட் என்னும் மூட்டு நோய். குடிப்பவர்களுக்கு அது வரும் என்று ஊருக்கே தெரியும். பட்டினி கிடந்தாலும் அந்த அமிலம் ஏறும் என்பது எனக்குத் தெரியும். கலங்கிய சீரத்தின் பொருளும் தெரியும். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் அவ்வளவு கொழுப்பு. கௌட்டும் கொழுப்பும் சேர்ந்த உடம்பில் காலை மட்டும் பார்த்தால் போதாது, நெஞ்சையும் பார்க்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

அந்த வாரம் கிள்ளானில் அவர் வீட்டில் பஜனை. காவடிக் குழுவின் தலைவர், எல்லோரும் சாமி என்று கூப்பிடும் பெரியவர், காலைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். மாப்பிள்ளை வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"ரத்தமே சொல்லிடுச்சு சாமி. விரதமெல்லாம் வெளியிலதான். உள்ள நல்லா ஊத்திக்கிட்டு இருக்காரு."

உறுமி மேளம் நின்றது. "இந்த வருஷம் வேணாம்பா" என்றார் பெரியவர். மாப்பிள்ளை கழுத்து மாலையைக் கழற்றி முருகன் படத்தின்முன் வைத்தார். நொண்டியபடி என்னிடம் வந்தார்.

"என் ரத்தத்த எடுத்து என் மூஞ்சியிலயே துப்பிட்டீங்க மச்சான். இனிமே எவனுக்கும் ஒரு சொட்டு தரமாட்டேன்."

சொன்னபடியே இருந்தார். கால் வீங்கும்போதெல்லாம் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். ரத்தம் என்று டாக்டர் பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுவார். தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் அவளே கூப்பிட்டு, படியேறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று அழுதாள். கலங்கிய குழாய் உடனே ஞாபகம் வந்தது.

அடுத்த தைப்பூசப் பஜனைக்குப் போனேன். அதே கூடத்தில், அதே பெரியவரின் முன்னால், நான் சொன்னது பொய், இவர் விரதம் முறியவில்லை, பட்டினியால்தான் கால் வீங்கியது என்றேன். கொழுப்பைப் பற்றியும் அதை நான் மறைத்ததைப் பற்றியும் சொன்னேன். பெரியவர் தலை குனிந்தார். மாப்பிள்ளை குனியவில்லை.

"முடிஞ்சுதா மச்சான்? அன்னிக்கு என் பையன் கேட்டான், அப்பா நீங்க குடிப்பீங்களான்னு. இப்ப அவனுக்கு மீசை முளைச்சிருச்சு. அவன்கிட்டப் போயி சொல்லுங்க."

"சொல்றேன் மாப்பிள்ளை. நெஞ்சுக்காக ஒரே ஒரு தடவை ரத்தம் மட்டும்..."

"உங்க ஊசி என் கையில படாது. சாப்பிட்டுட்டுப் போங்க."

பையனிடமும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளை கிடங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நான் வார்டுக்கு ஓடியபோது தாதி ஊசியோடு நின்றிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவன் முதலில் வெளியே போகட்டும் என்று அவளிடம் மலாயில் சொன்னார். குரல் எழும்பவே இல்லை, ஆனாலும் கை வெளியே வரவில்லை.

"போயிருண்ணே" என்றாள் தங்கை. "நீ நின்னா தரமாட்டாரு."

வெளியே வந்து கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். கை மெல்ல வெளியே வந்தது. குழாய் நிறைந்தது. தாதி அதை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனபோது, வாங்கிப் பார்க்கக் கை பரபரத்தது. கேட்கவில்லை.

பிழைத்தார். அதன்பின் மாத்திரை சாப்பிட்டார், ஒழுங்காக ரத்தம் கொடுத்தார், ஆனால் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த நெஞ்சேதான் அவரைக் கொண்டுபோனது. அதுவரை என்னை மச்சான் என்று அவர் மறுபடி கூப்பிடவே இல்லை.

இப்போது என் ரத்தத்தை எடுக்கிறார்கள். பழைய தொழில் என்பதால் பிரித்த குழாயைக் காட்டச் சொல்வேன். ரத்தம் எடுக்கும் பெண்ணும் சிரித்துக்கொண்டே வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள். இளமஞ்சளாக, மறுபக்கம் அவள் விரல் தெரியும் அளவுக்கு, இந்த வயதிலும் என்னுடையது தெளிவாகவே இருக்கிறது.