கப்டனிடம் கேட்கும் முறை

விமானி அறையில், இரண்டு விமானிகளுக்கும் பின்னால் மடக்கி விரிக்கும் ஓர் இருக்கை உண்டு. ஜம்ப்சீற் என்பார்கள். வேலைக்குப் போகும் இன்னொரு விமானி, வேறு நிறுவனத்தவரானாலும், அதில் இலவசமாகப் போகலாம். கப்டன் சம்மதிக்க வேண்டும். காரணம் சொல்லாமலே அவர் மறுக்கவும் செய்யலாம். அதனால் அந்த இருக்கையைச் சுற்றி ஒரு மரியாதை வளர்ந்திருக்கிறது. அறை வாசலுக்கு வந்து தானே கேட்க வேண்டும். விமானத்தில் வேலை செய்பவர்களுக்குத் தின்ன ஏதாவது கொண்டுவருவது நல்லது. கூப்பிடும்வரை உள்ளே கால் வைக்கக்கூடாது.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே சிறு ஊர்களுக்குப் பறக்கும் ஒரு நிறுவனத்துக்காக, பயணிகளை விமானத்தில் ஏற்றும் மேசையில் நிற்கிறேன். அதற்கு முன் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தி திருத்தினேன். இந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது, போன கோடைவரை.

அன்று வந்தவள் ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதித் தமிழ்ப் பெண். இன்னொரு சிறு நிறுவனத்தில் துணை விமானி. கப்டனாக உயர்வதற்கான பரீட்சை பின்னேரம் வடக்கே இருந்தது. தவறினால் அடுத்த வருடம்தான். அவள் போகவிருந்த விமானம் முதல் நாளே ரத்தாகியிருந்தது. எங்களுடையதில் பயணிகள் இருக்கைகள் நிரம்பிவிட்டன. மிச்சம் ஜம்ப்சீற் மட்டும்.

எங்கள் கப்டனும் தமிழர். அவளுடைய அப்பாவுடன் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர். தெரிந்த ஆளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்காமல் எங்கள் ஆட்கள் எந்த அலுவலுக்கும் போவதில்லை. அப்பாவும் முதல் நாள் இரவே கப்டனுக்குப் போன் செய்துவிட்டார்.

அடையாள அட்டையைச் சரிபார்த்து அவளைக் கூட்டிப்போனேன். வாசலுக்கு வெளியே நின்று, ஆங்கிலத்தில், முறையாகக் கேட்டாள். அவர் தமிழில் பதில் சொன்னார். பக்கத்திலிருந்த துணை விமானிக்குத் தமிழ் தெரியாது.

"இப்ப என்னத்துக்குக் கேக்கிறீர்? கொப்பர் நேற்றே புக் பண்ணிப்போட்டாரே."

"சொறி அங்கிள்... சொறி கப்டன். அப்பா கோல் பண்ணினது எனக்குக் காலமைதான் தெரியும்."

"கொப்பர் சீற் பிடிச்சுத் தாறதுக்கு இது கலியாணவீட்டு பஸ் இல்லைப் பிள்ளை. கையில என்ன உது?"

"மட்டன் ரோல்ஸ். எல்லாருக்கும்."

"கொண்டாரும்."

மூடியைத் திறந்து முகர்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜம்ப்சீற் எப்பிடிக் கேக்கிறது? சொல்லும் பாப்பம்."

"நேர வந்து கேக்கோணும். வேற ஆளை விட்டுக் கேக்கக்கூடாது."

"தெரியுதுதானே. அடுத்தமுறை அப்பிடிச் செய்யும். இண்டைக்கு ஏலாது."

"கப்டன், இண்டைக்கு எனக்கு எக்ஸாம்."

"தெரியும். கொப்பர் சொன்னவர்."

துணை விமானிக்குப் பேச்சு விளங்கவில்லை, முகங்கள் விளங்கின. பாரத்தில் பிரச்சினை இல்லை, ஓர் ஆளை ஏற்றலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கப்டன் திரும்பவில்லை.

"அண்ணை, ஒருக்கா யோசியுங்கோ" என்றேன்.

"தங்கச்சி, நீர் உம்மட வேலையைப் பாரும்."

இருவரும் இறங்கினோம். கதவு சாத்தப்பட்டது. மேசைக்கு எதிரேயுள்ள கண்ணாடியால் பார்த்தால் விமானி அறை தெரியும். அவர் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். ஒன்றை முடித்து, எண்ணெய் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார். அவர் மீறியதாகச் சொல்ல ஒரு விதியும் இல்லை.

அவளுடைய போன் அடித்தது. அப்பாவின் உரத்த குரல் எனக்கும் கேட்டது.

"ஏறிட்டியோ பிள்ளை? பாத்தியே, நான் சொல்லிவைச்சபடியால சுகமாப் போச்சு."

"ஓம் அப்பா. ஏறிட்டன். போனை நிப்பாட்டோணும்."

நிறுத்திப் பையில் போட்டாள். வெளியே விமானம் நகரத் தொடங்கியது. பரீட்சைக்கு வரமுடியாது என்று சொல்ல, மேசையிலிருந்த எங்கள் தொலைபேசியைக் கேட்டாள். தன்னுடையதைத் திறந்து, அந்நேரம் அப்பா கூப்பிட்டால், அவள் இன்னும் தரையில் நிற்பது அவருக்குத் தெரிந்துவிடும்.