தியோஃபில் கொடுக்காத படங்கள்

தன் வீட்டுக் கூரையைத் தியோஃபிலே பிய்த்துப் போட்டார் என்கிறாள் ரொமானா. தன் கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்கிறாள். "இல்லேன்னா வர்ற இன்சூரன்ஸ் பணத்தை யாராவது வேண்டாம்பானா? தோண்டினா ஏதாவது வெளிய வந்துரும்னு பயம், அதான்." எங்கள் தீவில் புயலடித்த அன்று அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தவள். தியோஃபில் வீட்டுக் கூரை போனதை அவள் எந்தக் கண்ணால் பார்த்தாளாம்?

அந்த மனிதர் கூரையைப் பிய்க்கிறவரா? மே மாதம் பிறந்தால் ஏணியும் கையுமாக அலைவார். ஒவ்வொரு தகரமாக ஏறி, ஆணித்தலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஆடுகிறதைப் பிடுங்கிப் புதிது அடிப்பார். வீட்டின் மேல் நீண்டுவரும் ரொட்டிப்பலாக் கிளையை வெட்டுவார். புயலுக்கு ஜன்னலை மூடும் பலகைகளுக்குப் பின்பக்கம் சுண்ணாம்பில் எண் போட்டு வரிசையாகச் சாய்த்து வைப்பார். வாழைக்குலைக் கொட்டகையில் முப்பது வருஷம் எடை பார்த்தவர் அவர். எதையும் ஒருமுறை பார்த்துத் திருப்திப்படுகிற சாதி இல்லை. கேலி செய்தால் ஏணியிலிருந்தே பதில் வரும்: "காத்து என்ன எனக்கு மச்சானா, முகம் பாத்து விட்டுட்டுப் போக?"

கடன் வாங்கிக் கட்டிய வீடு என்பதால் இன்சூரன்ஸ் இருந்தது. வருஷாவருஷம் ஜூனில் புயல்காலம் தொடங்குமுன் வீட்டுச் சாமான்களை, அளவு தெரியும்படி, படம் எடுத்து வைக்க வேண்டும் என்று கம்பெனிக் காகிதம் சொன்னது. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் போதும் என்பதுதான் அதன் அர்த்தம். தியோஃபில் தன் மனைவி கிளெமென்ஷியாவை நிறுத்தினார். "பக்கத்துல ஆள் நின்னாத்தானே சாமான் எவ்வளவு பெருசுன்னு தெரியும்?"

அவளோ, படம் என்றால் படம்தான், அடுப்படி உடுப்பில் நிற்கமாட்டேன் என்றுவிட்டாள். கோயிலுக்குப் போகும் பட்டுக் கவுன், இறகு வைத்த தொப்பி, வெள்ளைக் கையுறை. அந்தக் கோலத்தில் பொரிக்கும் சட்டியை, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகும் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு நிற்பாள்.

"சட்டியைத் தூக்கிப் பிடி. இன்சூரன்ஸ்காரனுக்கு உன் மூக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா கவுனை நீ போட்டுக்கிட்டு நில்லு, மனுஷா."

வேலியோரம் நின்று பார்க்கிற கூட்டம் சிரிக்கும். ரொமானாவும்தான் சிரித்தாள். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொக்கோத் தேநீரும் பொரித்த மாவுருண்டையும் உண்டு. புயலுக்குப் பயந்து செய்கிற காரியம் என்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கேமரா, இங்கிலாந்திலிருந்து அவர் தம்பி அனுப்பியது. அமுக்கினால் உடனே படத்தைத் துப்பும். ஒரு படத்துக்கு ஒரே பிரதிதான். முதல் வருஷத்தில் மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கத்தில் மூங்கில் மாதிரி நிற்கிறாள். ஃபிரிட்ஜ் வந்த வருஷம் அவளும் அதன் அகலத்துக்கு வந்திருக்கிறாள். பிறகு தொப்பிக்குக் கீழே நரை. பத்தொன்பதாவது வருஷம் நிற்க முடியாமல் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி. அடுத்த பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். கல்யாணப் படத்தைப் பழைய புயல் ஒன்று எப்போதோ கொண்டுபோயிருந்தது. ஆக அவள் முகம் மிஞ்சியது சட்டிபானைகளோடுதான்.

அந்த மே மாதமும் தியோஃபில் ஆணி அடித்தார், கிளை வெட்டினார். கேமராவை மட்டும் எடுக்கவில்லை. செப்டம்பரில் புயல் வந்தபோது படங்களை மெழுகுத்துணியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். ஆணிகள் பிடித்துத்தான் இருந்தன. தகரம் ஆணியை விட்டுக் கிழிந்துபோனது.

அக்டோபரில் கம்பெனிப் பையன் வந்தான். நல்ல பிள்ளை, பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தான். "ஐயா, இதுல அம்மாதான் தெரியறாங்க. ஃபிரிட்ஜ் அவங்களுக்குப் பின்னால எட்டிப் பாக்குது. பரவாயில்ல. இந்த வருஷம் நீங்க எடுக்கல, அதனால பழசு அத்தனையும் வேணும். வீட்டுக்கும் சாமானுக்கும் ஒரே ஃபைல்."

"திரும்பி வருமா?"

"ஃபைலுக்குள்ள போனது வராது ஐயா. படம் இல்லாம கூரைக்குப் பணமும் வராது. கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் இருக்கு."

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு பஸ் ஏறினார். நகல் இயந்திரத்தில் கிளெமென்ஷியா ஒரு கரிப்பூச்சாக வந்தாள். அதன் மேல் ஒரு வெள்ளைத் தொப்பி மிதந்தது. அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

குவாடலூப்பிலிருந்து மகள் லினெட் கப்பலேறி வந்தாள். தார்ப்பாய்க்குக் கீழே, ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துக்கொண்டே கெஞ்சினாள். "குடுத்துருங்கப்பா. அம்மா இருந்திருந்தா அவங்களே குடுன்னுதான் சொல்லியிருப்பாங்க."

"அவ இருந்திருந்தா குடுத்திருப்பேன்டி. திரும்ப நிக்கவெச்சு வேற எடுத்திருப்பேன்."

லினெட் நிரம்பிய வாளியைத் தூக்கி வெளியே ஊற்றினாள். கிறிஸ்துமஸ் போயிற்று, கெடுவும் போயிற்று. நடந்தது இவ்வளவுதான். இதில் பயம் எங்கே இருக்கிறது, களவு எங்கே இருக்கிறது என்று ரொமானா வந்து சொல்லட்டும்.

ஜனவரியில் ஒரு காற்று தார்ப்பாயையும் கிழித்தது. மகளோடு போவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆனது. புறப்பட்ட காலையில் தூறிக்கொண்டிருந்தது. தொப்பி தலையில், துணிப்பை தோளில், மெழுகுத்துணிப் பொட்டலம் சட்டைக்குள். வாசலைத் தாண்டி ஜீப் வரைக்கும் வந்தவர் நின்றார்.

"பின் ஜன்னலைச் சாத்தினேனா தெரியல."

"மேல முழுக்கத் திறந்து கெடக்கு. ஜன்னல் இருந்தா என்ன, இல்லேன்னா என்ன, அப்பா?"

"இரு, வந்துர்றேன்."

திரும்பி நடந்தார். நிலைப்படிக்கு வந்ததும், வீட்டுக்குள் நுழையும்போது எப்போதும் செய்வதுபோல், தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். வெறுந்தலையோடு, தூறலில் நனைந்தபடி, பின்னறை வரைக்கும் போய்க் கொண்டியைப் போட்டார். வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் தொப்பியை மறுபடி தலையில் வைத்தார்.