செருப்போடு தூங்கியவர்

சான்பிரான்சிஸ்கோவில் பார்வைக்காக நிறுத்தியிருக்கும் பழைய சரக்குக் கப்பலுக்கு மகள் நித்யாவைக் கூட்டிப்போயிருந்தேன். இரண்டாம் உலகப்போரில் பெரியப்பா இப்படியொரு கப்பலில், காவலுக்கு வைத்திருந்த பீரங்கியைச் சுடுபவராக இருந்தார். எந்தக் கப்பல் என்று எங்கள் வீட்டில் யாருமே கேட்டதில்லை. இங்கே விசாரிக்கலாம் என்று நினைத்தேன்.

வழிகாட்டி, அதே வேலை பார்த்த அமெரிக்க முதியவர், ஒரு குறுகிய கட்டிலைத் தட்டிக் காட்டினார். "ஷூவைக் கழற்றாமல்தான் படுப்போம். அபாய மணி அடித்ததும் ஓட வேண்டுமே."

சட்டென்று டயர் செருப்பின் வாடை மூக்கில் ஏறியது. தூத்துக்குடியில், சித்திரை வெக்கையிலும் பெரியப்பா செருப்போடுதான் படுப்பார்.

"செருப்போட உள்ள படுத்தா வீட்ல லட்சுமி தங்குவாளா, அத்தான்?" என்றாள் அம்மா.

"கழட்டுனா தூக்கம் வரமாட்டேங்குது, தாயி."

அப்பா பெரியப்பாவின் கயிற்றுக் கட்டிலை சைக்கிள் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். மழை நாளில் நனைந்த கயிற்றின் வாடை வீட்டுக்குள் வரும். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

பெரியப்பா இருந்த கப்பலைக் கண்டுபிடிக்க முடியுமா என்று முதியவரிடம் விசாரித்தேன். "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

நித்யா முந்திக்கொண்டாள். "ஸ்லிப்பர் தாத்தா! டாட், அந்த ஃபன்னி ஸ்டோரி சொல்லுங்க!"

நாங்கள் வசிக்கும் குபெர்டினோவில், நண்பர்கள் வீட்டு விருந்துகளில் எல்லோரையும் சிரிக்கவைக்க நான் சொல்லும் கதை அது. தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

முதியவர் சிரிக்கவில்லை. "ஊர் திரும்பிய பிறகும் நான் பல வருடம் ஷூவோடுதான் தூங்கினேன்," என்றார். "என் மனைவி தினமும் காலையில் விரிப்பை மட்டும் துவைத்துப் போடுவாள்."